முதலில் கவுன்ட்டர், பிறகு மேசை

நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இத்தாலியக் குடும்பம் கடை நடத்துகிறது. முன்பக்கம் டெலி: சீஸும் இறைச்சியும் ஆலிவும் எடை போட்டு விற்கிறார்கள். பின்பக்கம் நாலைந்து மேசை போட்டுச் சாப்பாடும் போடுகிறார்கள். போக ஆசைதான். ஆனால் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, சைவக்காரர்கள் என்ன சாப்பிடுவது?

தாராளமாகப் போங்கள். கிளை கிளையாக விரிந்த பெரிய உணவகங்களில் கிடைக்காத சாப்பாடு இங்கே கிடைக்கும். நான் சொல்லப்போகும் எல்லா யோசனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: மெனு அட்டையைக் கையில் எடுக்கும் முன்பு, முன்பக்கக் கவுன்ட்டரை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இத்தகைய கடைகளில் முன்னால் விற்பதும் பின்னால் சமைப்பதும் பெரும்பாலும் ஒரே சரக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தாலே அன்றைக்கு அடுப்பில் எது நன்றாக இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கடைகளின் பின்னணி

1880-க்கும் 1924-க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்கா வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள்: நேபிள்ஸைச் சுற்றிய கம்பானியா, கலாப்ரியா, சிசிலி. சொந்த ஊரில் இறைச்சி என்பது விசேஷ நாளில் மட்டும் கண்ட உணவு. அமெரிக்காவில் கூலியும் கூடுதல், இறைச்சியும் மலிவு. அதனால் சின்ன உருண்டையாக இருந்த மீட்பால் பெரிதாகி ஸ்பகெட்டியின் மேல் ஏறியது. கத்தரிக்காயில் செய்த பர்மிஜானாவைக் கோழியிலும் செய்தார்கள். 'சிக்கன் பார்ம்' அப்படிப் பிறந்ததுதான். ரோமில் இது கிடைக்காது என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுத் தயங்க வேண்டாம். குடியேறிய குடும்பங்கள் நூறு ஆண்டுகளாகச் சமைத்துவரும் உணவு இது. அதற்கென்று ஒரு மரபு இருக்கிறது, அந்த மரபில் நல்லதும் மோசமும் இருக்கின்றன.

பழக்கிக்கொள்ள நல்ல இடம் வேண்டுமென்றால் நியூயார்க் பிராங்க்ஸில் உள்ள ஆர்தர் அவென்யூவுக்குப் போங்கள். தள்ளுவண்டி வியாபாரிகளைக் கூரைக்குக் கீழே கொண்டுவர மேயர் லா கார்டியா 1940-ல் திறந்த சந்தைக் கட்டடம் இன்னும் அங்கே நடக்கிறது. அதைச் சுற்றி 1915-ல் தொடங்கிய டைட்டல் பிரதர்ஸ் மளிகை, 1918-ல் தொடங்கிய மடோனியா ரொட்டிக்கடை, 1935-ல் தொடங்கிய போர்கட்டி பாஸ்தாக்கடை. போர்கட்டியில் முட்டை மாவுத் தகடு தயாராக இருக்கும். எவ்வளவு அகலம் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அந்த அகலத்தில் வெட்டித் தருவார்கள். பக்கத்திலேயே பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையும் தாவரவியல் பூங்காவும் இருப்பதால் குழந்தைகளோடு ஒரு நாள் போய்வரலாம். பிலடெல்பியா பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்பதாம் தெரு இத்தாலியச் சந்தை இருக்கிறது.

எப்போது போவது

வார நாளில் காலை பதினொரு மணி வாக்கில் போவது உத்தமம். ரொட்டி புதிதாக இருக்கும். மொசரெல்லாவும் பெரும்பாலும் தயாராகியிருக்கும். மதியக் கூட்டம் வருவதற்கு முன் கவுன்ட்டரில் நிற்பவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். சனிக்கிழமை மதியம் போனால் சரக்கு கிடைக்கும், பேச்சு கிடைக்காது. குடும்பக் கடைகள் ஞாயிறு அல்லது திங்கள் மூடியிருப்பதும் உண்டு. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

விசேஷ நாட்களையும் நினைவில் வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை மீன் விருந்து. அதையொட்டிய வாரம் கடைக்குள் நிற்கவே இடம் இருக்காது. மார்ச் 19 புனித சூசையப்பர் திருநாள். அன்றைக்குக் கிரீம் வைத்த செப்பொலே பலகாரம் வரும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் இறைச்சி தொடுவதில்லை. அன்றைக்கு இறைச்சியில்லாத பதார்த்தங்கள் கூடுதலாக இருக்கும். மீன் உண்டு என்றாலும், பீன்ஸ், கீரை, பாஸ்தா என்று சைவக்காரர்களுக்கும் வழி பிறக்கும் நாள் அது.

கவுன்ட்டரில் பார்க்க வேண்டியவை

முதலில் மொசரெல்லா. கடையிலேயே செய்கிறார்களா என்று கேளுங்கள். செய்வதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். உறைந்த பால்திரட்டைச் சின்னச் சின்னத் துண்டாக அறுத்து ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, கை பொறுக்காத சூட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி மரத்துடுப்பால் கிளறுவார்கள். துண்டுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். துடுப்பைத் தூக்கினால் வழவழவென்று பளபளத்துக்கொண்டு நீண்டு இறங்கும். அந்தப் பதம் வந்ததும் கையால் இழுத்து மடித்து, உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் கிள்ளித் தண்ணீரில் போடுவார்கள். கிள்ளிய இடத்தில் சின்ன முடிச்சு இருக்கும், உருண்டைகள் ஒரே அளவாக இரா. வெட்டினால் பால் கசியும். அன்று செய்ததை அன்றே, குளிரூட்டாமல் சாப்பிடுவதுதான் ருசி. ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்தால் இறுகிவிடும். "இன்று காலை செய்ததா?" என்பது அங்கே கேட்கத் தகுந்த கேள்வி, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து பர்மிஜானோ ரெஜியானோ. முழு வட்டு ஒன்று ஏறக்குறைய 40 கிலோ. அதற்கு 550 லிட்டர் அளவுக்குப் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும் என்பது விதி. தோலைச் சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் பொறித்திருக்கும். துண்டாக வாங்கும்போதும் அந்தப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். நல்ல கடையில் இதைச் சீவாமல், குட்டையான முனைக் கத்தியைக் குத்தி நெம்பிப் பிளப்பார்கள். பிளந்த முகம் சொரசொரப்பாக இருக்கும். நடுநடுவே வெள்ளைப் பொடிகள் தென்படும். அவை முதிர்ந்ததன் அடையாளம், கெட்டதன் அடையாளம் அல்ல. அப்படியே கடித்துச் சாப்பிட 24 மாதச் சரக்கைக் கேளுங்கள்.

மூன்றாவது, சமைத்து வைத்த தட்டுகள். சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய், எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய், பூண்டு போட்டு வதக்கிய ப்ராக்கலி ராப் கீரை, பீன்ஸ், அரிசி உருண்டைகளான அரஞ்சினி. எந்தத் தட்டு பாதிக்கு மேல் காலியாகியிருக்கிறது, எதை இப்போதுதான் உள்ளேயிருந்து கொண்டுவந்து நிரப்புகிறார்கள் என்று கவனியுங்கள். உள்ளூர்க்காரர்கள் எதை வாங்குகிறார்களோ அதையே மேசையிலும் கேளுங்கள்.

இறைச்சி சாப்பிடுபவர்கள் மேலே தொங்குவதையும் பார்க்க வேண்டும். ஆர்தர் அவென்யூவில் கூரை தெரியாத அளவுக்குச் சலாமி தொங்கும் கடை உண்டு. சொந்தமாகப் பதப்படுத்திய சோப்ரசாத்தாவோ சாசேஜோ இருந்தால் இறக்குமதிச் சரக்கை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். அது வேறெங்கும் கிடைக்காது. இறக்குமதியில் வாங்குவதென்றால் பார்மா ப்ரோஷுட்டோ. பன்றித் தொடையும் உப்பும் தவிர அதில் வேறொன்றும் சேர்வதில்லை. பன்றிநோய் அச்சத்தால் அமெரிக்காவில் 1989 வரை பல்லாண்டுகள் அதற்குத் தடை இருந்தது. தோலில் ஐந்து முனைக் கிரீடச் சூட்டு முத்திரை இருக்கும்.

கேட்கும் முறை

உள்ளே நுழைந்ததும் நம்பர் சீட்டு தரும் இயந்திரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதல் வேலை சீட்டை எடுப்பது. உங்கள் முறை வருவதற்குள் என்ன வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். முறை வரும்போது போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். "குட் மார்னிங்" சொல்லித் தொடங்குங்கள்.

கணக்கு பவுண்டில்தான். கால் பவுண்டு என்பது 113 கிராம், அரை பவுண்டு 227 கிராம். ரொட்டியோடு தொட்டுச் சாப்பிட நாலு பேருக்குக் கால் பவுண்டு ப்ரோஷுட்டோ போதும். அதை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகச் சீவச் சொல்லுங்கள். தடித்துச் சீவினால் உப்பும் சவ்வும்தான் நாவில் நிற்கும். மெல்லிசாகச் சீவினால் கொழுப்பு வாயில் கரையும். துண்டுகள் ஒட்டாமல் இடையிடையே தாள் வைத்துத் தருவார்கள். புதிதாக ஒன்றை வாங்கும் முன் ருசி பார்க்கக் கேட்கலாம். பெரும்பாலான கடைகளில் கேட்காமலே ஒரு துண்டை நீட்டுவார்கள். ஒன்றிரண்டு ருசி பாருங்கள். பின்னால் ஆள் நிற்கும்போது ஆறேழு வகையைக் கேட்பது முறையல்ல.

மேசை கிடைக்காவிட்டால் சாண்ட்விச் வாங்கிக்கொள்ளுங்கள். நீள ரொட்டியில் செய்வதை நியூயார்க்கில் 'ஹீரோ' என்பார்கள், பிலடெல்பியாவில் 'ஹோகி' என்பார்கள். நியூ ஆர்லியன்ஸுக்குப் போனால் 1906-ல் தொடங்கிய சென்ட்ரல் குரோசரியில், ஊறிய ஆலிவ் கலவை வைத்த வட்டமான 'மஃபலெட்டா' வாங்குங்கள். ஒன்று வாங்கினால் இரண்டு மூன்று பேர் பகிர்ந்து சாப்பிடலாம். சைவத்துக்கு மொசரெல்லா, சுட்ட குடைமிளகாய், துளசி வகை இலையான பேசில், ஆலிவ் எண்ணெய் என்று சொல்லிக் கேளுங்கள். அன்றைய ரொட்டியும் அன்றைய மொசரெல்லாவும் சேர்ந்தால் அதற்கு மேல் வேறெதுவும் தேவையில்லை.

மேசையில்

அளவுதான் முதல் எச்சரிக்கை. இங்கே ஒரு தட்டு பாஸ்தா இரண்டு பேருக்குக் காணும். நாலு பேர் போனால் கவுன்ட்டரில் பார்த்த தொடுகறிகளில் ஒரு கலவைத் தட்டு, இரண்டு பாஸ்தா, ஒரு பெரிய பதார்த்தம், ஒரு கீரை. எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். போதாவிட்டால் மறுபடி கேட்கலாம்.

"எது நன்றாக இருக்கும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாமே" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். "இன்றைய சூப் என்ன? எந்த பாஸ்தா இங்கேயே செய்தது? இன்று மெனுவில் இல்லாமல் என்ன செய்தீர்கள்?" மூன்றாவது கேள்வி மிக முக்கியம். காய்கறிக்கடையில் அன்று நல்லதாகக் கிடைத்ததும், வீட்டுக்காரர்கள் தங்களுக்கென்று செய்துகொண்டதும் மெனு அட்டையில் இருப்பதில்லை.

சமையலறையை எடைபோட வேண்டுமென்றால் கத்தரிக்காய் பர்மிஜானா கேளுங்கள். செலவு குறைவான பண்டம், கைவேலை அதிகம். கத்தரிக்காயை மெல்லிசாக அரிந்து, உப்பிட்டு நீர் வடிய வைத்து, பொரித்து, தக்காளி சாஸும் சீஸும் மாற்றி மாற்றி அடுக்கி, அடுப்பில் வேகவைத்து, வெட்டுவதற்கு முன் ஆறவும் விட வேண்டும். அவசரப்பட்ட சமையலறையில் கத்தரிக்காய் எண்ணெயைக் குடித்துவிடும், அடுக்கு சரிந்து தட்டில் குளமாகும். பொறுமையாகச் செய்த இடத்தில் அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும், முள்கரண்டி அழுத்தாமலே இறங்கும். இது சரியாக வரும் கடையில் வேறு எதையும் நம்பிக் கேட்கலாம்.

பாஸ்தா கொஞ்சம் கடிபடும் பதத்தில்தான் வரும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். காரம் பத்தாது என்று தோன்றினால் கலாப்ரியா மிளகாய் எண்ணெயில் ஊறவைத்தது இருக்கிறதா என்று கேளுங்கள். தெற்கு இத்தாலியர்கள் காரம் தெரிந்தவர்கள். அந்த மிளகாயில் நல்ல உறைப்பும் ஒரு பழ வாசனையும் இருக்கும். ஒரு பாட்டிலை வீட்டுக்கும் வாங்கிக்கொள்ளலாம்.

சைவக்காரர்களும் விலக்கு உள்ளவர்களும்

"நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. தட்டில் இறைச்சித் துண்டு இருக்காது, ஆனால் இறைச்சி வெந்த சாறு இருக்கலாம். தெளிவாகக் கேட்க வேண்டியவை இவை:

• தக்காளி சாஸ்: 'மரினாரா' தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெயில் செய்வது; இறைச்சி சேராது. 'சண்டே கிரேவி' என்றால் மீட்பாலும் சாசேஜும் பன்றி எலும்பும் மணிக்கணக்காக வெந்த சாஸ். பர்மிஜானாவுக்கு எந்த சாஸ் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள்.

• சூப்: மினஸ்ட்ரோனேயும் பாஸ்தா-பீன்ஸ் சூப்பும் பார்க்கச் சைவமாக இருக்கும். அடியில் பன்றிக்கொழுப்போ கோழிச்சாறோ இருக்கலாம்.

• நெத்திலி: சீஸர் சாலட், புட்டனெஸ்கா பாஸ்தா இரண்டிலும் நெத்திலி உண்டு. சில இடங்களில் கீரை வதக்கும்போதும் எண்ணெயில் கரைத்துவிடுவார்கள்.

• முட்டை: உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். கடையில் செய்த புது பாஸ்தாவில் முட்டை இருக்கும். ரொட்டித்தூள் ஒட்டிப் பொரிக்கும் பண்டங்களிலும் இருக்கும்.

• சீஸ்: பர்மிஜானோ ரெஜியானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறையவைக்க வேண்டும் என்பது அதன் விதி. பெக்கரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் நொதி. இதைத் தவிர்ப்பவர்கள் துருவிய சீஸ் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெஸ்டோவிலும் அது கலந்திருக்கும். மொசரெல்லாவுக்கு எந்த நொதி என்று கேட்டால் உறையின் லேபிளைப் பார்த்துச் சொல்வார்கள். அமெரிக்காவில் நுண்ணுயிரி நொதியில் செய்தவை நிறையக் கிடைக்கின்றன.

• இனிப்பு: பன்னகோட்டாவில் ஜெலட்டின். திரமிசுவில் முட்டை, பல கடைகளில் மதுவும். கன்னோலி ஓட்டுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது வேறு கொழுப்பில் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

மாட்டிறைச்சி, பன்றி விலக்கியவர்கள் கவனிக்க வேண்டியது மீட்பால். மாடு, பன்றி, கன்று மூன்றும் கலந்து அரைப்பது பரவலான வழக்கம். கோழி கட்லெட் பாதுகாப்பு என்றாலும், எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். டெலியில் ஒரே சீவும் இயந்திரத்தில் சீஸும் இறைச்சியும் மாறி மாறி ஓடும். அது ஒவ்வாதவர்கள் கத்தியால் வெட்டித் தரச் சொல்லலாம், அல்லது வெட்டாத துண்டாக வாங்கலாம்.

இவ்வளவு கேட்டால் சங்கடமாக இருக்குமோ என்று தயங்காதீர்கள். குடும்பக் கடையின் பெரிய வசதியே இதுதான். சாஸ் வைத்தவர் பத்தடி தூரத்தில் நிற்கிறார், கேட்டால் நேரடியாகச் சொல்வார். கூட்டமில்லாத நேரத்தில் மரியாதையாகக் கேட்டால், மெனுவில் இல்லாவிட்டாலும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் கீரையும் போட்டு ஒரு பாஸ்தா செய்து தரக்கூடும்.

பணமும் பார்சலும்

மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அமெரிக்க வழக்கம். கவுன்ட்டரில் வாங்குவதற்குக் கட்டாயமில்லை. நிறையச் சீவித் தந்தவருக்கு ஒன்றிரண்டு டாலர் போடலாம். ரொக்கம் மட்டும் வாங்கும் பழைய கடைகள் இன்னும் இருக்கின்றன, கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் அப்போதே, தாழ்ந்த குரலில், பரிமாறியவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே சரிசெய்துவிடுவார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் மொசரெல்லாவை அன்றே முடித்துவிடுங்கள். சீவிய இறைச்சி இரண்டு மூன்று நாளைக்கு மேல் வேண்டாம். பர்மிஜானோவைத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும்; தோலைத் தூக்கிப்போடாமல் பீன்ஸ் சூப் கொதிக்கும்போது போடுங்கள். கன்னோலி வாங்கினால் ஓட்டையும் ரிக்கோட்டா கிரீமையும் தனித்தனியாகக் கேளுங்கள். முன்பே நிரப்பியது ஒரு மணி நேரத்தில் நமத்துவிடும்.

முதல் தடவைக்கு ஒரு திட்டம்

இவ்வளவும் ஒரே நாளில் வேண்டாம். முதல் தடவை ஓர் உருண்டை மொசரெல்லா, ஒரு ரொட்டி, கால் பவுண்டு சுட்ட குடைமிளகாய் மட்டும் வாங்கி வீட்டில் சாப்பிட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் அதே நபரிடம் போய் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். மூன்றாவது தடவை மேசையில் உட்காருங்கள். அதற்குள் உங்கள் முகமும், நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டதாலும் வாடகை ஏறியதாலும் இத்தகைய கடைகள் பல ஊர்களில் மூடப்பட்டுவிட்டன. வருஷத்துக்கு ஒரு முறை பிறந்தநாளுக்குப் போகும் பெரிய விருந்தைவிட, வாரா வாரம் வாங்கும் அரை பவுண்டுதான் அவர்களை நிலைநிறுத்தும். உங்கள் பக்கத்தில் ஒன்று இருந்தால் இந்த வாரமே போய்ச் சீட்டு எடுங்கள்.